வரதன் தறியின் இடது பக்கம்

காலை மணி ஒன்பது பத்து. பிள்ளையார்பாளையத்தில் வரதன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தறிச் சத்தம் நின்றது.

எங்கள் ஊரில் தறிச் சத்தம் நிற்பது பெரிய விஷயம் இல்லை. இழை அறுந்தால் நிற்கும். நெய்பவருக்குத் தாகம் எடுத்தால் நிற்கும். அன்று நின்றபோது வரதனின் மனைவி ஆண்டாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னாள். உரக்கச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மாம்பழ மஞ்சள் பட்டு. அதற்கு அரக்குக் கரை. கரையும் உடலும் சேரும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு, கறுத்த ஈரம் ஒன்று பட்டில் பரவியிருந்தது. அதன் பக்கத்தில் என் மச்சானின் கட்டைவிரல்.

வரதன் தறிக் குழியிலிருந்து எழுந்தார். அவருக்கு இடது கண் இல்லை. அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டும். திருப்பினார்.

"கையில இன்னாத்த தடவிக்கினு வந்த?"

மச்சான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"கல்யாணப் புடவ. முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்குது. கண்ண எடுத்த, பத்தல. இப்ப தறியையும் எடுக்க வந்தியா? எழுந்திரு. போ."

மச்சான் எழுந்தார். கதவருகே நின்றிருந்த என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

கையில் எண்ணெய் தடவச் சொன்னவன் நான். வாயைத் திறக்காமல் நின்றவனும் நான்.

கல் உப்புக் கோப்பை

போன சில வாரங்களாக என் ஆசிரியர் வேலை பற்றியும் என் திருமணம் பற்றியும் எழுதி வந்தேன். கல்யாண வீட்டில் வாட்டசாட்டமாக ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் யார் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அவர்தான் என் மனைவி சரோஜாவின் அண்ணன், துலுக்காணம். ஒரு காலத்தில் சென்னையில் குத்துச்சண்டைச் சாம்பியன்.

அந்த நாளில் பட்டணத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குத்துச்சண்டை நடத்துவார்கள். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மச்சானின் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றைச் சரோஜா டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தாள். அரைக்கால் சட்டை, முகத்துக்கு முன்னால் இரண்டு கையுறைகள், நடுவில் இரண்டு கண்கள். நான் பார்த்த மனிதருக்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

அவர் வென்ற கோப்பை எங்கள் சமையலறையில்தான் இருந்தது. சரோஜா அதில் கல் உப்பு போட்டு வைத்திருந்தாள்.

"இன்னாம்மா இது, எவ்வளோ அடி வாங்கி சம்பாரிச்சது தெரியுமா?" என்பார் மச்சான்.

"சும்மா இருண்ணா. வேற எதுல போட்டாலும் தண்ணி வுட்டுக்குது. இதுலதான் பொலபொலன்னு இருக்குது" என்பாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மூக்கெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தவர். சிரிக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். என் மகள் வேணிக்கு அப்போது ஒன்பது வயது. அந்த விசிலுக்காகவே அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு குத்து

சாம்பியன் பட்டம் மூன்று வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு கள்ளச் சாராயம். பிறகு ஒரு சண்டையில், விழத் தேவையில்லாத இடத்தில் விழுந்தார். யாரோ சொல்லி விழுந்தார். அதை எங்களிடம் அவரே ஒத்துக்கொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான்.

அந்த வருஷம் கருட சேவைக்கு ஊருக்கு வந்திருந்தார். கூட்டத்தில் வரதன் நின்றிருந்தார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். வரதனுக்கு அப்போது இரண்டு கண்ணும் உண்டு, அதைவிட நீளமான வாய் உண்டு.

"வாங்க சாம்பியன்! தள்ளி நில்லுங்கப்பா, மேல காத்து பட்டா வுழுந்துடப் போறாரு" என்றார் வரதன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் ஒரே ஒரு முறை கை நீட்டினார். வலது கை.

"பொய் சொல்லி இருந்தான்னா நானும் சிரிச்சிட்டு வந்திருப்பேன் மாப்ள. நெஜத்த சொல்லிட்டான்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

வேலூர் சிறையில் மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி, "நான் உள்ள வரலாமா மாப்ள?" என்று கேட்டார். சரோஜா என் முகத்தையே பார்த்தாள். வாங்க என்றேன். முழு மனதோடு சொன்னேனா என்று கேட்காதீர்கள். வீட்டில் பெண் குழந்தை. நான் இயல்பிலேயே பயந்தவன். முதல் ஒரு மாதம் வேணியை அவரோடு கடைக்குக்கூட அனுப்பவில்லை.

வந்த மறுநாளே வரதனைப் பார்க்கப் போனார். கதவு திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனார். அதற்கடுத்த வெள்ளியும் போனார். ஆறு மாதம் இப்படிப் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவார். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் கேட்கப் போனது வேறு.

எதிர்ப்பக்கத்து ஆள்

எங்கள் ஊர்ப் புடவைக்குக் கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இதற்குக் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும், ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் குழியில் உட்கார்ந்திருப்பார். மறு கரையின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். வரதன் தறியில் அந்த இடம் இடது பக்கம்.

அவருக்குப் போனதும் இடது கண். அந்தக் கரையைப் பார்க்க ஒவ்வொரு இழைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, இரவில் கழுத்து வலியால் தூங்க மாட்டாராம். கூட உட்கார்ந்தவர்களிடம் எரிந்து விழுந்தார். ஒருவரும் நிலைக்கவில்லை. கடைசியில் ஆண்டாள்தான் உட்கார்ந்தாள். அவளும் இப்போது உண்டாகியிருந்தாள், ஏழாவது மாதம். மணிக்கணக்கில் குனிந்து உட்கார முடியவில்லை.

"அந்த எடத்துல நான் உக்கார்றேன்னு கேக்கப் போறேன் மாப்ள" என்றார் மச்சான்.

"மச்சான், அது சின்னப் பசங்க உட்கார்ற இடம். நாற்பது வயசுல..."

"அவன் இடது பக்கத்த எடுத்தது நான்தான?"



ஆண்டாளை நான் போய்ப் பார்த்தேன். "உக்காந்து காட்டட்டும் சார். இவருகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா கைய பாத்துக்க சொல்லுங்க. கல்லு மாதிரி இருக்குது, பட்டு மாட்டிக்கும்" என்றாள்.

அது நிஜம். சொரசொரப்பான கையில் பட்டிழை மாட்டிக்கொண்டு பிரிந்துவிடும். மச்சானின் கை, குத்திக் குத்திக் காய்த்து, சிறையில் கல் உடைத்து வெடித்துப் போன கை.

அன்றிலிருந்து இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பயிற்சி நடந்தது. தினமும் சாயங்காலம் செங்கல் துண்டால் கையைத் தேய்ப்பார். இரவு படுக்கும்முன் வேணி விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். காலையில் சீயக்காய் போட்டுக் கழுவுவார். பிறகு சோதனை. வேணி ஒற்றைப் பட்டிழையை அவர் உள்ளங்கையின் குறுக்கே மெல்ல இழுப்பாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"மாட்டிக்கிச்சி மாமா! அவுட்டு!"

"எங்க, எங்க? நீதான் வேணும்னு அழுத்தன!"

"ஏமாத்தக் கூடாது. சுண்டுவெரல்ல மாட்டிக்கிச்சி. இன்னிக்கி தோத்துட்ட."

பழைய நாடா ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வந்து, இரண்டு பலகைக்கு நடுவில் கூடத்தில் விட்டுப் பழகுவார். வேணி மறுமுனையில் உட்கார்ந்து வாங்குவாள். பட்டணத்தில் ஆயிரம் பேர் கத்தச் சண்டை போட்டவர், ஒரு குழந்தையிடம் "இப்ப சரியா வுட்டனாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். என் பயம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

தறிக்குப் போகும் நாள் வந்தது. காலையில் கையெல்லாம் கழுவித் தயாராக இருந்தார். நான் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். ஓரத்தில் சின்ன வெடிப்பு.

"வேணி, மாமாவுக்கு இங்க ஒரு சொட்டு எண்ணெய் வை" என்றேன்.

"வேணாம் மாப்ள. பட்டுல இறங்கிடும்."

"துணியில துடைச்சிட்டா போதும் மச்சான். நான் சொல்றேன். பரிசோதனைக் கூடத்துல எத்தனை வாட்டி பார்த்திருக்கேன்."

நான் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன். படித்தவன் சொல்கிறானே என்று கையை நீட்டினார். வேணி ஒரு சொட்டு வைத்தாள். வெடிப்புக்குள் போன எண்ணெயைத் துணி தொடவில்லை. இது தறியில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். தறிக்கு நடுவில் குடியிருந்துகொண்டு ஒரு நாளும் தறியில் உட்காராத என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியாது.

நாலு மணிக்குப் பிறகு

வரதன் வீட்டிலிருந்து நான் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். மச்சானைத் தேடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மதியம் சாப்பிட வந்தபோது நடந்ததைச் சரோஜாவிடம் சொன்னேன். எண்ணெயைப் பற்றியும் சொன்னேன்.

"நீங்க அங்க ஒண்ணுமே சொல்லலியா?" என்றாள்.

"சொல்ல விடல."

அது பொய். என்னை யாரும் தடுக்கவில்லை. வேணி பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன்.

வேணியின் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். நாலே காலுக்கு வீட்டில் இருப்பாள். நான் வீடு திரும்பியபோது ஐந்து. வேணி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாரும் போயாச்சு என்றார் வாட்ச்மேன். அவள் சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். கேட் வரைக்கும் ஒன்றாக வந்தாள், அப்புறம் தெரியாது என்றாள் அந்தப் பெண். சர்வதீர்த்தக் குளத்தின் நான்கு பக்கமும் சுற்றினேன். படிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சிவப்புத் துண்டைப் பார்த்து என் கால்கள் நின்றுவிட்டன. வேணியின் பாவாடையும் சிவப்பு.

வேணி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பஸ் பத்து நிமிடம் தாமதமானால் இன்றும் நான் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். "அப்பா, மானத்த வாங்காதீங்க" என்கிறாள். அவளுக்கு அந்தச் சிவப்புத் துண்டைப் பற்றி நான் சொன்னதே இல்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

குளத்திலிருந்து திரும்பும்போது வெற்றிலைக்கடைக்காரர் கூப்பிட்டார். "சார், உங்க மச்சான காலைல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பாத்தேன். சாராயக் கடை எதிர்ல நின்னுக்கினு இருந்தாரு."

சாராயக் கடைகள் திறந்திருந்த வருஷம் அது. என் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. தவறாகப் பொருந்தியது. ஆனால் அந்த நிமிஷத்தில் ஒரு கணக்குப் போட்டு விடை வந்தது போல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

என் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "ஜெயிலுக்குப் போனவனை வீட்டுல வெச்சது என் தப்பு! குடிச்சிட்டு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டான்!"

தெருவில் ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். சரோஜா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்கண்ணன் அப்பிடி செய்யாது. சத்தியமா செய்யாது. உள்ள வாங்க." அவளை உதறினேன்.

அப்போது தெருவின் தெற்கு முனையில் மச்சான் தெரிந்தார். தனியாக வந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண் புழுதி.

பின்னால் தெரிந்தது: சாராயக் கடை எதிரில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு திரும்பி, தெற்கே பத்து மைல் தள்ளியிருக்கும் மாகறல் வரைக்கும் நடந்தே போயிருக்கிறார். கோயிலுக்குள் போகவில்லையாம். கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தாராம். பழைய நாளில் சண்டைக்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய அப்படித்தான் மைல் கணக்கில் ஓடுவாராம்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. ஓடிப் போய் அவர் கன்னத்தில் அறைந்தேன்.

அவர் கைகள் இரண்டும் மேலே எழுந்தன. நோட்டீஸ் படத்தில் இருந்த மாதிரியே, முகத்துக்கு முன்னால். அது அவர் நினைத்துச் செய்ததல்ல, உடம்பின் பழக்கம். கைகள் பாதியில் நின்றன. பிறகு மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, கீழே இறங்கின.

நான் இரண்டாவது முறையும் அறைந்தேன். கைகள் கீழேயே இருந்தன.

"வேணி எங்கடா?" என்றேன். அதுவரை அவரிடம் நேருக்கு நேர் நான் ஒருமையில் பேசியதில்லை.

"வேணியா? கொழந்தைய காணோமா?" அவர் முகம் மாறியது அறையினால் அல்ல. "எப்பலருந்து மாப்ள? குளத்துல பாத்தியா? சொல்லு, எந்தப் பக்கமெல்லாம் பாத்த?"

வாயில் சாராய வாடை இல்லை. வியர்வையும் மண்ணும்தான்.

அந்த அறைகளுக்கு நான் மன்னிப்புக் கேட்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு தீபாவளிக் காலையில் கேட்டேன். அவர் விசில் சத்தத்தோடு சிரித்தார். "எவ்வளோ பேருகிட்ட வாங்கி இருக்கேன். உன்னோட கை பஞ்சு மாப்ள. சாக்பீஸ் புடிக்கிற கை" என்றார். அதோடு எழுந்து உள்ளே போய்ச் சரோஜாவிடம் இன்னும் இரண்டு அதிரசம் கேட்டார்.

வந்தவர்

மச்சான் குளத்துப் பக்கம் ஓடத் திரும்பினார். நான்கு அடி வைத்திருப்பார். நின்றுவிட்டார்.

தெருவின் வடக்கு முனையிலிருந்து வரதன் வந்துகொண்டிருந்தார். அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு வேணி. முழங்கை வரைக்கும் வெள்ளை, மூக்கிலும் வெள்ளை. வீட்டில் நான் வைத்திருக்கும் சாக்பீஸ் பெட்டியை அக்குளில் இடுக்கியிருந்தாள்.

சரோஜா ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கடி போன? எங்கடி போன?"

"மாமா உக்காந்த வூட்டுக்கு" என்றாள் வேணி. என்னைப் பார்த்துச் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "எண்ணெ வெக்க வேணாம்னுதான் மாமா சொல்லிச்சி. நீதான வெக்க சொன்ன? நான்தான வெச்சேன்? அத யாருமே அவங்களுக்கு சொல்லல. அதான் நான் போயி சொன்னேன்."

சரோஜா முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்தாள்.

"கறைய எடுக்க சாக்பீஸ் தூள் போட்டோம்பா. ஆண்டாள் அக்கா தூவிச்சி, நான் ஊதினேன். எவ்வளோ வாட்டி! மைய உறிஞ்சும்னு நீதான சொல்லிக் குடுத்த. முக்காவாசி போயிடுச்சி."

"வூட்டுல சொல்லிட்டு வந்துச்சின்னு நெனச்சிட்டோம் வாத்தியாரே" என்றார் வரதன். "வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் கேட்டேன், இல்லன்னுச்சி. அதான் இட்டாந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கடந்து போனார். முனையில் வரும்போதே அவர் பார்த்திருக்க வேண்டும், என் கை ஓங்கியதையும், மச்சானின் கை இறங்கியதையும்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கன்னத்தில் என் விரல்கள் சிவந்திருந்தன. வரதன் அவருக்கு நேர் எதிரில் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து அவர் வலது கையை எடுத்தார். புரட்டினார். கட்டைவிரல் வெடிப்பைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஆற நாலு நாள் ஆவும். அது வரைக்கும் துணி சுத்திக்கோ" என்றார். கையை விட்டார். இரண்டு அடி போனவர் திரும்பாமலே நின்றார்.

"மன்னிச்சிட்டேன்னு எல்லாம் நெனச்சிக்காத. அது வேற. காலைல ஆறு மணிக்கு வந்துடு. அந்தப் பக்கம் இன்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியறதில்ல. நீதான் பாத்து சொல்லணும்."